ரியோ மொட்டில் ஆறு ஜோடி வரலை, ஒரே வளையமா வருது

பாமணியாறு:
இளங்கலைத் தாவரவியல் செய்முறைக்கு மியாசிஸ் (குரோமோசோம் எண்ணிக்கையைப் பாதியாக்குகிற செல் பிரிவு) ஸ்லைடு போட வேண்டும். எடுத்துக்கொண்டது ரியோ செடி. இலை மேலே பச்சை, அடியில் ஊதா, பூ படகு மாதிரி மடலுக்குள் உட்கார்ந்திருக்கும். மன்னார்குடி பக்கம் வாசல் தொட்டிகளில் சாதாரணமாகக் கிடைப்பது. மொத்தம் 12 குரோமோசோம் என்று புத்தகம் சொல்கிறது. அப்படியானால் முதல் மெட்டாபேஸில் (குரோமோசோம்கள் செல்லின் நடுவில் வந்து நிற்கும் கட்டம்) 6 ஜோடி தெரிய வேண்டும். தெரிவதோ ஒரு வளையம், இல்லாவிட்டால் நீளமான சங்கிலி. 15 செல் எண்ணியும் அதேதான். ஆல்கஹால் 3 பங்கு, அசிட்டிக் அமிலம் 1 பங்கு கலவையில் ஓர் இரவு வைத்தது. சாயம் அசிட்டோகார்மைன். அழுத்தும்போது ஒட்டிக்கொண்டதா, சாயம் கெட்டதா? இன்னொரு தொல்லை: பத்து மொட்டில் எட்டில் பிரியும் செல்லே இல்லை, வெறும் மகரந்தத் தூள்.

குடமுருட்டி:
ஸ்லைடு சரி, சாயமும் சரி. அந்தச் செடியே அப்படித்தான். ரியோவில் தலைமுறை தலைமுறையாகக் குரோமோசோம்களுக்குள் துண்டு மாற்றம் நடந்து நிலைத்துவிட்டது. ஒரு குரோமோசோமின் இடக்கைக்குத் துணை ஒன்றிடம், வலக்கைக்குத் துணை வேறொன்றிடம். கும்மியில் இரண்டு கையையும் இரண்டு வேறு ஆளிடம் கொடுத்து நிற்கிற மாதிரி. 12ம் அப்படிக் கைகோத்தால் ஒரே வட்டம். எங்கோ ஒரு முனையில் கயாஸ்மா (ஒத்த குரோமோசோம்கள் துண்டு மாற்றிப் பிணையும் இடம்) உண்டாகாமல் போனால் வட்டம் அறுந்து சங்கிலி. இரண்டு இடத்தில் அறுந்தால் இரண்டு சங்கிலி, அதையும் பார்க்கலாம்.

பிரியும்போது ஒன்று விட்டு ஒன்று எதிரெதிர் முனைக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் இரு பக்கமும் 6, 6, இரண்டிலும் முழு மரபுத் தொகுதி. நல்ல செல்லில் வட்டம் தட்டையாக இருக்காது, ஏறி இறங்கிக் கோணல்மாணலாக நிற்கும். அடுத்தடுத்த இரண்டு ஒரே முனைக்குப் போய்விட்டால் ஒரு துண்டு இரண்டு முறை வரும், இன்னொன்று இல்லாமலே போகும். அந்த மகரந்தம் சாகும். அதே மடலில் விரியப்போகிற மொட்டை எடுத்து, அதே சாயத்தில் மகரந்தத்தைப் பாருங்கள். நிறைந்து சிவந்தது பாதி, வெறுங்கூடாக வெளுத்தது பாதி என்ற கணக்கில் கலந்து கிடக்கும்.

ரெக்கார்டு நோட்டில் வளையத்தை அப்படியே வரையலாம். 6 ஜோடி என்று பொய்யாக வரைந்து கையெழுத்து வாங்குவதுதான் பல வருஷ வழக்கம். அது வேற கதை.

அரசலாறு:
மொட்டு விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதி வகுப்பு அங்கேதான் வீணாகிறது. மகரந்தப்பை மஞ்சளாகிவிட்டால் வண்டி போய்விட்டது. வேண்டியது கண்ணாடி மாதிரி வெளிறிய, ஊசி பட்டால் கூழாகிற பை. மடலைப் பிரித்தால் மொட்டுகள் வயது வரிசையில் இருக்கும். பெரியதை விட்டுவிட்டுச் சின்னதிலிருந்து ஒவ்வொன்றாக மேலே வாருங்கள். ஒரு மொட்டில் ஒரு பையை மட்டும் நசுக்கிப் பாருங்கள். கட்டம் சரியென்றால் மற்ற பைகளை அப்புறம் எடுங்கள், ஒரே மொட்டின் பைகள் ஏறக்குறைய ஒரே கட்டத்தில்தான் இருக்கும்.

பறிப்பது காலை 8லிருந்து 10க்குள். கலவையை அன்றைக்கே கலக்க வேண்டும். முந்தின வாரத்துக் கலவை எஸ்டராகி, பழ வாசனை அடிக்கும். அதில் போட்ட செல்லுக்குள் குரோமோசோம் வீங்கித் தெளிவில்லாமல் போகும். மொட்டின் கன அளவைப் போல 20 மடங்கு திரவம் வேண்டும். 24 மணி நேரம் கழித்து 70 சதவீத ஆல்கஹாலுக்கு மாற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். மூல கலவையிலேயே வாரக்கணக்கில் போட்டு வைத்தால் திசு விறைத்து, நசுக்கினால் உடையும்.

சாயம்: 45 மி.லி. கிளேசியல் அசிட்டிக் அமிலம், 55 மி.லி. தண்ணீர், 1 கிராம் கார்மைன். குடுவை வாயில் புனல் கவிழ்த்து, மெல்லக் கொதிக்கவிட்டு, ஆறினதும் வடிகட்டி, பழுப்புப் பாட்டிலில்.

ஸ்லைடு: ஒரு சொட்டு சாயம், ஒரு பை. ஊசியால் நசுக்கி, பைச் சுவரின் தோலை ஒன்று விடாமல் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். ஒரு துணுக்கு மாட்டினாலும் கவர்கிளாஸ் தூக்கி நிற்கும், செல் தட்டையாகாது. ஸ்பிரிட் விளக்கில் இரண்டு மூன்று முறை காட்டி எடுங்கள், புறங்கையில் வைத்தால் பொறுக்கிற சூடு போதும். கொதித்துக் குமிழி வந்தால் போச்சு. பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேராகக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பக்கவாட்டில் ஒரு நூல் நகர்ந்தாலும் செல்லெல்லாம் திரிதிரியாக உருண்டுவிடும்.

பாமணியாறு:
நன்றி சார். வளையத்தை வரைகிறேன். ஆனால் பாடத்திட்டத்தில் பைவேலண்ட் (பிணைந்த ஜோடி) எண்ணிக்கை, கயாஸ்மா எண்ணிக்கை கேட்கிறார்கள். டெல்டாவில் சுலபமாகக் கிடைக்கிற வேறு பொருள்?

வெட்டாறு:
வெங்காயம் எடுங்க தம்பி. தண்ணியில வெச்சா மூணு நாள்ல வேர் வந்துரும். 16 குரோமோசோம், பெருசு பெருசா தெரியும்.

அரசலாறு:
வேர் நுனியில் மைட்டாசிஸ், அதாவது சாதாரண செல் பிரிவுதான் நடக்கும் அண்ணே. அங்கே 16ம் 16ஆகவே இருக்கும், ஜோடி சேராது. வெங்காயத்தில் மியாசிஸ் வேண்டுமென்றால் பூத்தண்டு வேண்டும், அதற்குக் குளிர் வேண்டும். நம்ம ஊரில் பெரிய வெங்காயத்தைப் பூக்க வைப்பது நடக்கிற காரியமில்லை.

கம்பு எடுங்கள். 14 குரோமோசோம், 7 பைவேலண்ட், சிறுதானியங்களில் இவ்வளவு பெரிதாகத் தெரிவது குறைவு. கதிர் உறைக்குள் இருக்கும்போதே பிரித்தெடுக்க வேண்டும். ஒரே கதிரில் மேல்பக்கம் முந்தும், கீழ்ப்பக்கம் பிந்தும், அதனால் ஒரு கதிரை வெட்டினால் பல கட்டம் கிடைக்கும்.

இன்னொன்று சணப்பு. வயலில் பசுந்தாளுக்கு விதைப்பதுதான். 16 குரோமோசோம், 8 பைவேலண்ட். 45 நாளில் மடக்கி உழுதுவிடுவார்கள், ஆகவே வரப்போரம் பத்துச் செடியை விட்டுவைக்கச் சொல்லுங்கள். நெல்லைத் தொடாதீர்கள். 24 குரோமோசோமும் பொடிப்பொடி, கல்லூரி நுண்ணோக்கியில் 12 புள்ளி தெரியும், கயாஸ்மா தெரியாது.

இரண்டிலும் ஒரு வித்தியாசம் கவனிக்கணும். கம்பு ஒருவித்திலை: முதல் பிரிவு முடிந்ததும் சுவர் விழுந்து இரண்டு செல்லாக நிற்கும், பிறகு நான்காகும், நான்கும் ஒரே தளத்தில். சணப்பு இருவித்திலை: நடுவில் சுவர் கிடையாது, நாலு உட்கருவும் ஆன பின் ஒரே தடவையில் வெட்டிக்கொள்ளும், மூன்று கீழே ஒன்று மேலே என்ற அடுக்கு. சணப்பில் இரட்டைச் செல் கட்டத்தைத் தேடி மாலை வரை உட்காராதீர்கள்.

குடமுருட்டி:
கயாஸ்மா எண்ணுவதற்கு ஒரு சுருக்கு. முதல் மெட்டாபேஸில் கோல் மாதிரி நீண்டிருந்தால் ஒரு கையில்தான் பிணைப்பு, ஒரு கயாஸ்மா. மோதிரம் மாதிரி இருந்தால் இரண்டு கையிலும் ஒவ்வொன்று. 7ல் 5 மோதிரம், 2 கோல் என்றால் 12 கயாஸ்மா. இருபது செல் எண்ணிச் சராசரி எடுங்கள்.

ஸ்லைடில் புரோஃபேஸ் என்கிற தொடக்கக் கட்டம்தான் வந்துகொண்டே இருக்கிறது என்று யாரும் புலம்ப வேண்டாம். 20 டிகிரியில் மொத்த மியாசிஸுக்குக் கோதுமை 24 மணி, ரை என்னும் குளிர்நாட்டுத் தானியம் 51 மணி, வெங்காயம் 96 மணி எடுக்கும். அதில் பெரும்பங்கு புரோஃபேஸின் உட்கட்டங்களான லெப்டோட்டீனிலிருந்து பாக்கிட்டீன் வரைக்கும் போய்விடும். மெட்டாபேஸ், அனாபேஸ் (இரு முனைக்கும் பிரிந்துபோகிற கட்டம்) எல்லாம் கண்சிமிட்டுகிற நேரம்.

கோரையாறு:
விலங்கியல்காரர்களுக்கும் ஒரு வரி. ஆண் வெட்டுக்கிளியின் விந்தகக் குழல் போதும். நம்ம வயல் வெட்டுக்கிளிகள் பலவற்றில் ஆணுக்கு 23, அதாவது 11 ஜோடியும் ஒரு தனி எக்ஸ் குரோமோசோமும். எருக்கஞ்செடியில் இருக்கிற வண்ண வெட்டுக்கிளியில் 19. புரோஃபேஸில் அந்தத் தனி எக்ஸ் ஓரத்தில் கருத்த உருண்டையாக நிற்கும், அதை நியூக்ளியோலஸ் (உட்கருவுக்குள் இருக்கிற சிறு உருண்டை) என்று குறித்து மதிப்பெண் இழப்பவர்கள் அதிகம். 1902ல் அமெரிக்க உயிரியலாளர் சட்டன் குரோமோசோம்களுக்கும் மெண்டலின் காரணிகளுக்கும் முடிச்சுப் போட்டது வெட்டுக்கிளியை வைத்துத்தான்.

எனக்கும் ஒரு சந்தேகம். முதல் பிரிவில் எண்ணிக்கை பாதியாகிறது, இரண்டாவது மைட்டாசிஸ் மாதிரி என்கிறார்கள். ஆனால் டி.என்.ஏ. இரண்டு தடவையும் பாதியாகிறதே. எது சரி?

குடமுருட்டி:
இரண்டும் சரி, எண்ணுகிற பொருள்தான் வேறு. நெல்லையே எடுங்கள். மகரந்தத் தாய் செல் பிரியுமுன் டி.என்.ஏ. நகலெடுத்துவிடும்: 24 குரோமோசோம், 48 குரோமாட்டிட், அதாவது குரோமோசோம் ஒவ்வொன்றிலும் இரண்டு சகோதரி இழை. முதல் பிரிவுக்குப் பின் ஒவ்வொரு பக்கமும் 12 குரோமோசோம், ஆனால் 24 குரோமாட்டிட், ஏனென்றால் சகோதரிகள் இரண்டும் இன்னும் ஒட்டியே இருக்கிறார்கள். இரண்டாம் பிரிவுக்குப் பின் 12 குரோமோசோம், 12 குரோமாட்டிட். குரோமோசோமைச் சென்ட்ரோமியர் (சகோதரி இழைகள் இணைந்திருக்கும் இடுப்பு) வைத்து எண்ணினால் பாதியானது ஒரு தடவை. டி.என்.ஏ.வை எடை போட்டால் 4, 2, 1.

கேட்க வேண்டியது, முதல் பிரிவில் சகோதரிகள் ஏன் பிரியவில்லை என்பது. அவர்களைக் கட்டி வைத்திருப்பது கொஹீசின் என்னும் புரத வளையம். முதல் அனாபேஸில் செப்பரேஸ் நொதி கைகளில் உள்ள கொஹீசினை அறுக்கும், கயாஸ்மா விடுபட்டு ஜோடி பிரியும். சென்ட்ரோமியரில் உள்ளதை மட்டும் ஷுகோஷின் என்ற புரதம் மறைத்துக் காக்கும். அந்தப் பெயருக்கு ஜப்பானிய மொழியில் காவல் தெய்வம் என்று பொருள், நம்ம ஊர் எல்லையில் ஐயனார் உட்கார்ந்திருக்கிற மாதிரி. இரண்டாம் பிரிவில் காவல் விலகும், மிச்சக் கட்டும் அறும்.

இதிலிருந்தே இன்னொன்று விளங்கும். குறுக்கேற்றம், அதாவது கயாஸ்மாவை உண்டாக்குகிற துண்டு மாற்றம், வெறும் கலப்புக்காக மட்டும் இல்லை. கயாஸ்மா இல்லாத ஜோடி முதல் மெட்டாபேஸில் பிடிமானமில்லாமல் தனித்தனியாக அலையும், இரண்டும் ஒரே முனைக்குப் போக வாய்ப்பு உண்டு.

வெண்ணாறு:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ‘முதல் பிரிவில் ஜோடி பிரியும்’ என்பது சென்ட்ரோமியருக்குத்தான் கண்டிப்பாகப் பொருந்தும். ஜீனுக்கும் சென்ட்ரோமியருக்கும் நடுவில் குறுக்கேற்றம் நடந்திருந்தால், அந்த ஜீனின் இரண்டு வடிவங்களும் இரண்டாம் பிரிவில்தான் பிரியும். எப்படிப் பிரிந்தாலும் நாலு செல்லில் இரண்டுக்கு இரண்டு வரும்.

இதைக் கண்ணால் காட்ட நெல்லில் ஒரு அருமையான வழி உண்டு. பசை அரிசி இரகத்தையும் சாதாரண இரகத்தையும் கலந்து, முதல் தலைமுறைச் செடியின் மகரந்தத்தை அயோடினில் பாருங்கள். பாதி கருநீலம், பாதி செம்பழுப்பு. அமைலோஸ் என்னும் மாவுப்பொருள் உள்ளதும் இல்லாததும் அந்தந்த மகரந்தத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த தலைமுறை விதைக்குக் காத்திருந்து 3:1 எண்ண வேண்டாம், மியாசிஸின் 1:1 நேராகக் கிடைக்கிறது. கோயம்புத்தூரில் இருந்த தாவரவியலாளர் பார்னெல் 1921லேயே நெல் மகரந்தத்தில் இதை எழுதிவிட்டார். நம்ம மாகாணத்துச் சரக்கு, நம்ம செய்முறை நோட்டில்தான் இல்லை.

முள்ளியாறு:
நெல் பேச்சு வந்ததால கேக்கிறேன். தொண்டைக்கதிர்ல (கதிர் உறைக்குள்ள இருக்கிற பருவம்) தண்ணி இல்லாமப் போனா கருக்காய், அதான் பதர், விழுதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அது இந்தப் பிரிவுல விழுற அடியா? சம்பாவுல மார்கழிப் பனியால பதராகுதுன்னு ஒரு பேச்சும் இருக்கு.

வெண்ணாறு:
பெரும்பாலும் ஆமாம். நெல்லில் மியாசிஸ் நடப்பது கதிர் வெளிவருவதற்குச் சுமார் 10, 12 நாள் முன்னால். கதிர் வெளிவருவது அறுவடைக்கு ஏறக்குறைய 30 நாள் முன்னால். ஆகவே 110 நாள் குறுவை இரகத்தில் விதைத்த 68, 70ஆம் நாள். 155 நாள் சி.ஆர். 1009 மாதிரி நீண்ட இரகத்தில் 113, 115ஆம் நாள். வயலில் அடையாளம்: கண்ணாடி இலையின் (கடைசியாக வரும் மேல் இலை) காது, அதாவது இலையும் உறையும் சேரும் இடம், அதற்குக் கீழ் இலையின் காது, இரண்டையும் பாருங்கள். கண்ணாடி இலையின் காது இன்னும் உறைக்குள் கீழே இருந்தால் தொடக்கம், இரண்டும் சமமட்டத்துக்கு வரும்போது உச்சம், மேலே ஏறிவிட்டால் முடிகிறது. இரகத்துக்கு இரகம் சில சென்டிமீட்டர் மாறும்.

அந்த வாரம் வறட்சி பட்டால் கெடுவது பெரும்பாலும் ஆண் பக்கம். மகரந்தப்பையின் உள்சுவரான டபீட்டம்தான் பிரியும் செல்லுக்குச் சோறு போடுவது. தண்ணீர் குறைந்தால் சர்க்கரையை உடைத்துச் சேர்க்கிற நொதிகள் தளரும், மகரந்தத்தில் மாவு ஏறாது. பிரிவு முடிந்தும் கூடு மட்டும் மிஞ்சும். சூல்பை பெரும்பாலும் தப்பிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் கட்டினாலும் அந்தப் பூ திரும்பாது. அதனால்தான் தொண்டைக்கதிரிலிருந்து பூக்கும் வரை 5 செ.மீ. தண்ணீர் மறித்து வைக்கச் சொல்வது. ஜூன் 12ல் மேட்டூர் திறக்காமல் தள்ளிப்போகிற வருஷங்களில் முறைத் தண்ணீர் எந்த நாளில் கடைமடைக்கு வருகிறது என்பது, மொத்தம் எவ்வளவு வந்தது என்பதைவிட முக்கியம்.

ஒரு கதிரில் எல்லாப் பூவும் ஒரே நாளில் பிரிவதில்லை. மேல்கிளை முந்தும், அடிக்கிளை சில நாள் பிந்தும். ஆகவே இரண்டு மூன்று நாள் அடி, கதிரின் ஒரு பட்டையில் மட்டும் பதராகத் தெரியும். நீண்ட அடி என்றால் கதிர் முழுக்க.

பனிக்கு வருவோம். குளிரால் மகரந்தம் கெடுவது உண்மை, ஆனால் அதற்கு 15லிருந்து 20 டிகிரிக்குள் சில நாள் தொடர வேண்டும். மலைப்பாங்கான உயரங்களில் நடக்கும். டெல்டாவில் மார்கழி இரவு பெரும்பாலும் 20ஐ ஒட்டித்தான், பகல் 28ஐ எட்டும். சம்பாப் பதருக்குப் பனிமேல் பழி போடுமுன் பூக்கிற நாளில் பெய்த மழையையும், மூழ்கிய நாளையும், பூச்சியையும் பாருங்கள்.

முள்ளியாறு:
பிரிச்சுச் சொல்றது எப்படி?

வெண்ணாறு:
கதிர் மொத்தமும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத்துளைப்பான். உமியில் பழுப்புப் புள்ளியும் நடுவில் துளையும் இருந்தால் கதிர்நாவாய்ப் பூச்சி பால் பிடிக்கும்போது உறிஞ்சியது. உமி சுத்தமாக, உள்ளே ஒன்றுமில்லாமல் இருந்தால்தான் மகரந்தத்தைச் சந்தேகிக்கணும். அதுவும் அறுப்பில் தெரியாது, பூக்கிற நாளில்தான் தெரியும்.

அன்று காலை விரியப்போகிற பூக்களைப் பத்துக் கதிரிலிருந்து எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள். ஒரு பூவில் ஆறு பை, மூன்று பூவின் பைகளை ஒன்றாக நசுக்கலாம். அயோடின் கரைசலுக்கு 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, அதில் 1 கிராம் அயோடினைக் கரைத்து, பிறகு 100 மி.லி. ஆக்கணும். அயோடினை நேராகத் தண்ணீரில் போட்டால் அடியில் உட்கார்ந்துவிடும், மகரந்தமெல்லாம் மஞ்சளாகத் தெரிந்து வயலே மலடு என்று எழுதிவிடுவார்கள். 300 மகரந்தம் எண்ணுங்கள். உருண்டு கறுத்தது நல்லது, சுருங்கி வெளிறியது கெட்டது. இது மாவு சேர்க்கிற மகரந்தத்துக்கு மட்டும் செல்லும். மற்றதுக்கு அசிட்டோகார்மைன்தான்.

ஓடம்போக்கி:
வாழையையும் சேர்த்துக்குங்க. பூவன், ரஸ்தாளி, மொந்தன், கற்பூரவள்ளி எல்லாம் மும்மடியம், 33 குரோமோசோம், 11ன் மூன்று தொகுதி. ஜோடி சேரும்போது மூன்றாவது ஆள் மிச்சம். மூன்றும் சேர்ந்து நின்றாலும் பிரிகையில் இரண்டு ஒரு பக்கம், ஒன்று மறுபக்கம். 11 இடத்திலும் ஒரே மாதிரி பிரிந்தால்தான் முழு 11 அல்லது முழு 22 கிடைக்கும். அதற்கு வாய்ப்பு 1,024ல் 1. விதை இல்லாததற்கு அதுதான் காரணம்.

வெண்ணாறு:
கணக்கு சரி. ஆனால் விதை இல்லாததும் காய் பிடிப்பதும் வேறு வேறு சங்கதி. மகரந்தம் சேராமலே சதைபிடிக்கிற குணம் தனியாக இருப்பதால்தான் திருவையாற்றில் தார் வெட்டுகிறார்கள். மும்மடியம் மட்டும் இருந்து அந்தக் குணம் இல்லையென்றால் காய் வெம்பி உதிர்ந்திருக்கும்.

கோரையாறு:
மனிதரில் 40 வயதுக்கு மேல் கருத்தரித்தால் டவுன் நோய்க்குறி கூடுவதும் இந்தக் கொஹீசின் விவகாரமா?

குடமுருட்டி:
பெரும்பங்கு அதுதான். பெண்ணின் முட்டைத் தாய் செல்கள் அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே மியாசிஸைத் தொடங்கி, புரோஃபேஸின் பிற்பகுதியான டிப்ளோட்டீனில் நின்றுவிடும். கருவின் ஐந்தாம் மாதத்தில் 60, 70 லட்சம். பிறக்கையில் 10, 20 லட்சம். பருவமடைகையில் 3, 4 லட்சம். வெளிவருவது 400 சொச்சம். முட்டை வெளிவரும்போதுதான் முதல் பிரிவு முடியும், விந்து சேர்ந்தால்தான் இரண்டாவது. 40 வயதில் வெளிவரும் முட்டையின் கொஹீசின் 40 வருஷப் பழசு, புதிதாகப் போட்டுக்கொள்ள வழி இல்லை. கட்டு தளர்ந்தால் 21ஆம் ஜோடி தவறாகப் பிரியும். வாய்ப்பு 35 வயதில் ஏறக்குறைய 350க்கு 1, 40ல் 100க்கு 1. ஆண் பக்கம் புதிது புதிதாகச் செல் வந்துகொண்டே இருக்கும், ஒரு சுற்று சுமார் 74 நாள்.

பாமணியாறு:
கம்பு கிடைத்தது. 7 எண்ண முடிகிறது, 4 மோதிரம், 3 கோல். ஆனால் சாயம் வெளிறுகிறது, சைட்டோபிளாசமும் குரோமோசோமும் ஒரே இளஞ்சிவப்பு.

அரசலாறு:
இரும்பு போதவில்லை. ஸ்டீல் ஊசியை வைத்துவிட்டுத் துருப்பிடித்த ஊசியால் சாயத்துக்குள்ளேயே பையை நசுக்குங்கள், சாயம் ஊதாவுக்குத் திரும்பும்போது நிறுத்துங்கள். அல்லது மொட்டுப் போடும் கலவையிலேயே ஃபெரிக் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு. அதற்கு மேல் போனால் எல்லாமே கறுத்துப் படியும், அப்போது ஓரத்தில் 45 சதவீத அசிட்டிக் அமிலம் விட்டு மறுஓரத்தில் வடிதாள் வைத்து இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் தெளியும். கவர்கிளாஸ் ஓரத்தை உருக்கிய மெழுகால் அடைத்துவிட்டால் ஸ்லைடு இரண்டு மூன்று நாள் காயாமல் இருக்கும். நாளைக் காலை வகுப்புக்கு இன்றைக்கே போட்டு வைக்கலாம்.